பல்கலைக்கழக மாணவரின் நலனும் பாதுகாப்பும்: திருகோணமலையில் புதிதாகப் பொறுப்பேற்போருக்கு ஒரு வழிகாட்டி

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதி வழியே வடக்கு நோக்கிச் சென்று, உப்புவெளியையும் சாம்பல்தீவையும் கடந்தால், கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் வருகிறது. தொடர்பாடல் மற்றும் வணிகக் கற்கைகள், பிரயோக விஞ்ஞானம், சித்த மருத்துவம் ஆகிய பீடங்களில் கற்பதற்காக மூதூர், கிண்ணியா போன்ற அண்மைய ஊர்களின் பிள்ளைகளோடு, யாழ்ப்பாணம், மன்னார், அட்டன், பதுளை, குருநாகல், மாத்தறை என்று நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் மாணவர்கள் இங்கு வருகின்றனர். அவர்களுள் பெரும்பாலோருக்கு வீட்டைப் பிரிந்து வாழ்வது இதுவே முதற்றடவை.

மாணவர் ஆலோசகராக முதன்முறை நியமனம் பெறும் இளம் விரிவுரையாளர், விடுதியில் உப காப்பாளராக இணைபவர், நலன்புரிப் பிரிவில் கடமையேற்பவர், தமது வீட்டின் அறைகளை மாணவர்களுக்கு வாடகைக்கு விடுபவர் ஆகியோரை மனத்தில் இருத்தி இக்கட்டுரையை எழுதுகிறேன். இவர்கள் எவரும் உளவளத் துணையாளர்களோ சட்டத்தரணிகளோ அல்லர். ஆயினும், துன்பத்தில் இருக்கும் மாணவர் முதலில் வாய் திறப்பது பெரும்பாலும் இவர்களில் ஒருவரிடமே. அந்த முதல் ஆள் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே பின்னர் நடப்பவை யாவும் அமைகின்றன.

தொடக்கத்திலேயே ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். பிணக்கு ஒன்று எழுந்தால் இரு தரப்பையும் அழைத்து, பெரியவர் ஒருவர் முன்னிலையில் மன்னிப்புக் கேட்கவைத்து, கைகுலுக்கச் செய்து அனுப்பிவிடும் வழக்கம் நமது ஊர்களில் ஆழமாக வேரூன்றியுள்ளது. வேலித் தகராறுக்கு அது பொருந்தலாம். ஆனால் சிரேஷ்ட மாணவருக்கும் புதுமுக மாணவருக்கும் இடையிலும், விரிவுரையாளருக்கும் அவரிடம் புள்ளி பெறவேண்டிய மாணவிக்கும் இடையிலும் அதிகாரம் சமமாக இல்லை. அங்கே செய்யப்படும் சமரசம் பலவீனமானவரின் வாயை அடைப்பதிலேயே முடிகிறது. எனவே சமாதானம் செய்துவைப்பதை உங்கள் கடமையாகக் கொள்ளாதீர்கள். கேட்பதும், எழுதுவதும், உரியவரிடம் கையளிப்பதும், பின்தொடர்வதுமே உங்கள் கடமை.

முதல் வாரத்தில் செய்யவேண்டியவை

நியமனக் கடிதம் கிடைத்தவுடன் யாரிடம் எதைக் கையளிப்பது என்பதை அறிந்துகொள்ளுங்கள். உங்கள் பீடத்தின் பீடாதிபதி, சிரேஷ்ட மாணவர் ஆலோசகர், விடுதிக் காப்பாளர், நலன்புரிப் பிரிவுக்குப் பொறுப்பான உதவிப் பதிவாளர், பாதுகாப்பு உத்தியோகத்தர், வளாக மருத்துவ நிலையத்தின் வைத்தியர் ஆகியோரை நேரில் சென்று சந்தியுங்கள். இரவு பதினொரு மணிக்கு முதன்முறையாக ஒருவரை அழைத்து உங்களை அறிமுகம் செய்துகொள்ளும் நிலை வரக்கூடாது. வார இறுதியிலும் நீண்ட விடுமுறையிலும் இவர்களுள் யார் உண்மையில் தொலைபேசியை எடுப்பார் என்பதையும் கேட்டறியுங்கள். பதவிப் பட்டியல் அதனைச் சொல்லாது.

பின்வரும் இலக்கங்களை ஒரு தாளில் எழுதி விடுதி வாசலிலும் உங்கள் கைத்தொலைபேசியிலும் வைத்திருங்கள்: பொலிஸ் அவசர சேவை 119, சுவசெரிய நோயாளர் காவு வண்டி 1990, தேசிய மனநல நிறுவகத்தின் உதவிச் சேவை 1926, உளவளத் துணைக்கான கட்டணமற்ற சேவை 1333, பெண்களுக்கான உதவிச் சேவை 1938. நிலாவெளி, உப்புவெளி ஆகிய இரு பொலிஸ் நிலையங்களுள் உங்கள் விடுதியும் மாணவர் தங்கும் வாடகை வீடுகளும் எதன் எல்லைக்குள் வருகின்றன என்பதை முன்கூட்டியே உறுதிசெய்யுங்கள். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலை நகரில் இருப்பதால், இரவில் வாகனம் எங்கே கிடைக்கும், யார் ஓட்டுவார் என்ற கேள்விக்கும் அன்றே விடை தேடி வையுங்கள். நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் ஓடும் பஸ்களையே நம்பியிருக்கும் மாணவர்களுக்கு மாலை கடந்த பின் அவ்வீதி நீண்டதாகிவிடுகிறது.

வருபவர்களை அறிந்துகொள்ளல்

புதிய அணி பதிவுசெய்யும் நாட்களில் பெயர்ப் பட்டியலைப் பெற்று, யார் எங்கிருந்து வருகிறார், எந்த மொழியில் உயர்தரம் கற்றார், எங்கே தங்குகிறார் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழிலோ சிங்களத்திலோ கற்றுவந்த பிள்ளை திடீரென்று ஆங்கில விரிவுரைக்குள் அமரும்போது, தான் மட்டுமே பின்தங்கியிருப்பதாக எண்ணி ஒதுங்கிக்கொள்வதுண்டு. வகுப்புக்கு வராமலிருப்பது பெரும்பாலும் அவ்வாறே தொடங்குகிறது. முதலிரு மாதங்களில் வரவு குறைந்தவர்களை ஒழுக்கப் பிரச்சினையாகப் பார்க்காமல், ஒவ்வொருவராக அழைத்து விசாரியுங்கள்.

பணம் அடுத்த காரணம். 1981இல் தொடங்கப்பட்ட மஹாபொல புலமைப்பரிசிலின் மாதாந்தக் கொடுப்பனவு, 2025ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தின் மூலம் 5000 ரூபாவிலிருந்து 7500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அது கிடைக்காதவர்களுள் தகுதியுடையோருக்குப் பர்சரி எனப்படும் நிதியுதவி உண்டு. எனினும் பதிவு முடிந்து முதற் கொடுப்பனவு கைக்கு வரச் சில மாதங்கள் செல்வது வழமை. தோட்டத்தில் நாட்கூலி பெறும் தாயின் பிள்ளைக்கும், கடற்றொழில் நின்றுபோகும் மாதங்களில் வருமானமில்லாத வீட்டின் பிள்ளைக்கும் அந்தச் சில மாதங்களே மிகக் கடினமானவை. காலை உணவை விட்டுவிடுதல், சக மாணவரிடம் தொடர்ந்து கடன் வாங்குதல், கைத்தொலைபேசியை விற்றல் ஆகியவை கண்ணில் பட்டால், அனைவர் முன்னிலையிலும் கேட்காமல் தனியே கேட்டு, நலன்புரிப் பிரிவுக்கான விண்ணப்பத்தை அவருடன் இருந்தே நிரப்புங்கள். படிவத்தைக் கையில் கொடுத்தனுப்பினால் வெட்கத்தால் அது திரும்பி வராமலே போகக்கூடும்.

நோன்பு மாதத்தில் சஹர் உணவுக்கு விடுதியில் என்ன ஏற்பாடு, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வெசாக்குக்கும் ஊர் செல்ல முடியாமல் விடுதியில் தங்குவோர் யார் என்பனவற்றையும் உப காப்பாளர் அறிந்திருக்கவேண்டும். சிறியனவாகத் தோன்றும் இவற்றைக் கேட்டுவைப்பவரிடமே மாணவர்கள் பின்னர் பெரிய விடயங்களையும் சொல்ல முன்வருகிறார்கள்.

முதற் பேச்சு

மாணவர் ஒருவர் வந்து, ‘‘சேர், ஒரு சின்ன விசயம்’’ என்றோ, ‘‘மிஸ், எனக்கில்லை, என்ர கூட்டாளிக்கு ஒரு பிரச்சினை’’ என்றோ தொடங்கினால், கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிடுங்கள். பெரிய விடயங்கள் பெரும்பாலும் அவ்வாறே அறிமுகமாகின்றன. பிறர் கேட்காத, ஆனால் பிறர் பார்வைக்கு முற்றிலும் மறையாத ஓர் இடத்தில் அமர்ந்து பேசுங்கள். கதவை முழுமையாகப் பூட்டிக்கொள்ள வேண்டாம். மாணவி ஒருவர் பெண் உத்தியோகத்தரிடம் பேச விரும்பினால் அதற்கு வழிசெய்யுங்கள். ஆனால் உங்களிடமே சொல்லத் தொடங்கிவிட்டவரை இடைமறித்து வேறொருவரிடம் அனுப்பிவைக்காதீர்கள். துணிவை வரவழைத்துக்கொண்டு பேசுபவர் அதே துணிவை மறுநாளும் வரவழைப்பார் என்பதற்கு உறுதியில்லை.

பேச்சின் தொடக்கத்திலேயே இரகசியத்தின் எல்லையைச் சொல்லிவிடுங்கள். ‘‘நீங்கள் சொல்வதை ஊரெல்லாம் பரவ விடமாட்டேன், ஆனால் உங்கள் உயிருக்கோ வேறொருவர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால், உதவக்கூடிய ஒருவரிடம் நான் சொல்லியாக வேண்டும், யாரிடம் சொல்லப்போகிறேன் என்பதை முதலில் உங்களுக்கே சொல்வேன்’’ என்ற அளவிலான சொற்கள் போதும். ‘‘சத்தியமாக ஒருவரிடமும் சொல்லமாட்டேன்’’ என்ற வாக்குறுதியை எந்நிலையிலும் அளிக்காதீர்கள். அதனைக் காத்தாலும் மாணவருக்குக் கேடு; மீறினாலும் கேடு.

கேள்விகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். ‘‘பிறகு என்ன நடந்தது?’’ என்பது நல்ல கேள்வி. ‘‘அந்த நேரத்தில் ஏன் அங்கே போனீர்கள்?’’, ‘‘ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?’’ என்பன பழியைச் சொல்பவர் மீதே திருப்பிவிடுகின்றன. நடந்தவற்றைத் தோண்டித் துருவுவது விசாரணைக் குழுவின் பொறுப்பு. அடுத்து என்ன செய்யவேண்டும் என்பதைத் தீர்மானிக்கப் போதுமான அளவுக்குக் கேட்டால் உங்கள் பங்கு நிறைவேறியது. கதையை இருபது பேரிடம் மீண்டும் மீண்டும் சொல்லவைப்பதும் ஒரு வகை வதையே.

இறுதியில், இன்றிரவு எங்கே தங்குவீர்கள், அங்கே பாதுகாப்பாக இருக்கிறதா என்று கேளுங்கள். துன்புறுத்தியவர் அடுத்த அறையில் இருக்கும்போது, நாளை குழு கூடி ஆராயும் என்று சொல்லி ஒருவரை அதே அறைக்கு அனுப்புவது பொறுப்பாகாது. அறை மாற்றம் தேவையென்றால் அன்றே ஏற்பாடு செய்யுங்கள். முறையிட்டவரே விரும்பிக் கேட்டாலன்றி, இடம் மாறவேண்டியவர் அவராக இருக்கக்கூடாது.

எழுதி வைத்தலும் கையளித்தலும்

பேச்சு முடிந்து ஒரு மணித்தியாலத்துக்குள் எழுதிவிடுங்கள். திகதி, நேரம், இடம், யார் உடனிருந்தார், மாணவர் என்ன சொன்னார், நீங்கள் என்ன கண்டீர்கள், அதன்பின் என்ன செய்தீர்கள் என்பவை இடம்பெறவேண்டும். மாணவரின் சொற்களை அவர் பேசியவாறே மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். உங்கள் ஊகத்தை அதனுடன் கலக்காதீர்கள். ‘‘மாணவி மனமுடைந்திருந்தார்’’ என்பதைவிட, ‘‘பேசும்போது இருமுறை அழுதார், வலது முன்கையில் நீல நிறக் காயம் தெரிந்தது’’ என்று எழுதுவது நாளை விசாரணையில் பயன்படும். இக்குறிப்பைப் பூட்டிய அலுமாரியில் வையுங்கள். படமெடுத்து வட்ஸ்அப் குழுவில் இடுவதும், பொதுக் கணினியில் திறந்து வைப்பதும் முறையிட்டவரைப் பகிரங்கமாகக் காட்டிக்கொடுப்பதற்குச் சமம்.

அதே நாளில், எழுத்தில், உரியவரிடம் கையளியுங்கள். வழமையாக அது சிரேஷ்ட மாணவர் ஆலோசகரும் பீடாதிபதியும் ஆவர். குற்றஞ்சாட்டப்படுபவர் கல்விசார் உத்தியோகத்தராகவோ, நீங்கள் அறிக்கையிடவேண்டிய மேலதிகாரியாகவோ இருந்தால், அவரைக் கடந்து வளாக முதல்வரிடமும், தேவையெனில் துணைவேந்தரிடமும் செல்லலாம்; பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் இணையவழியே முறையிடும் வசதியும் மாணவருக்கு உண்டு. நிறுவனத்தின் பெயர் கெட்டுவிடும் என்று சொல்லி உங்களைத் தடுப்பவர்கள் இருப்பார்கள். பிள்ளையின் பாதுகாப்புக்குப் பின்னரே நிறுவனத்தின் பெயர் என்பதை மரியாதையுடன், ஆனால் தயக்கமின்றிச் சொல்லுங்கள்.

பகிடிவதை

1997இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் மாணவர் வரப்பிரகாஷ் பகிடிவதையின் விளைவாக உயிரிழந்தார். அதற்கு அடுத்த ஆண்டு, கல்வி நிறுவனங்களில் பகிடிவதையையும் வேறு வன்முறைகளையும் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. உடலுக்கோ உள்ளத்துக்கோ ஊறு, மனவேதனை அல்லது அச்சம் விளைவிக்கும், அல்லது விளைவிக்கக்கூடிய செயல் எதுவும் இச்சட்டத்தின்படி பகிடிவதையாகும். தண்டனை இரண்டு ஆண்டுகள் வரையான கடூழியச் சிறை. பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ நேர்ந்தால் பத்து ஆண்டுகள் வரை நீளும். நிறுவனத்துக்கு உள்ளே நடந்ததா வெளியே நடந்ததா என்ற வேறுபாட்டைச் சட்டம் பார்ப்பதில்லை என்பதை வாடகை வீட்டு உரிமையாளர்கள் முக்கியமாக அறிந்துகொள்ளவேண்டும். வளாகத்தினுள் கண்காணிப்பு இறுகும்போது, பகிடிவதை வெளியிலுள்ள அறைகளுக்கும் கடற்கரைக்கும் கைத்தொலைபேசிக் குழுக்களுக்கும் நகர்ந்துவிடுகிறது.

‘‘ஒற்றுமை வளரும்’’, ‘‘பயம் தெளியும்’’, ‘‘நாங்களும் பட்டவர்கள்தானே’’ என்ற நியாயங்களைச் சிரேஷ்ட மாணவர்கள் மட்டுமன்றிச் சில விரிவுரையாளர்களும் சொல்வார்கள். அறிமுகமும் நட்பும் வளர வேறு நூறு வழிகள் உள்ளன. முழங்காலில் நிற்கவைப்பதும், இழிசொல் பேசவைப்பதும், இரவு முழுவதும் உறங்கவிடாமல் வைப்பதும் அவற்றுள் அடங்கா. புதுமுக மாணவர்கள் ஒரே வகை உடையில் தலைகுனிந்து கூட்டமாக நடப்பதும், குறிப்பிட்ட நேரத்தில் ஒட்டுமொத்தமாகக் காணாமற் போவதும், சிற்றுண்டிச்சாலையைத் தவிர்ப்பதும், ஒருவரது தொலைபேசி திடீரென்று பல நாட்கள் இயங்காமலிருப்பதும் அறிகுறிகளாகும்.

பகிடிவதைக்கு உடன்பட மறுப்பவர்களை அவர்களது சொந்த அணியினரே ஒதுக்கி வைக்கும் கொடுமையும் உண்டு. பாடக்குறிப்பு கிடைக்காமலும், குழுச் செயற்பாட்டில் சேர்க்கப்படாமலும், நான்கு ஆண்டுகள் தனித்து உண்ணவேண்டிய நிலை அது. முறையிட்டவரைப் பாதுகாப்பதென்றால் இதனையும் தடுக்கவேண்டும். குழு வேலைகளை விரிவுரையாளரே பிரித்து ஒதுக்குவது எளியதும் பயனுள்ளதுமான ஒரு நடவடிக்கை.

பாலியல் துன்புறுத்தலும் வன்முறையும்

பாலியல் துன்புறுத்தல், 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகும். சொல்லாலும் செயலாலும் செய்யப்படும் துன்புறுத்தலையும் அப்பிரிவு உள்ளடக்குகிறது. கைத்தொலைபேசி வழியே படங்களைக் காட்டி மிரட்டும் முறைப்பாடுகள் வந்தால், செய்திகளை அழிக்காமல் திரைப்பிரதி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கேட்கும் பணத்தைக் கொடுத்தால் மிரட்டல் நிற்பதில்லை.

வன்முறை நடந்து நேரம் அதிகம் செல்லாவிட்டால் வைத்தியசாலையே முதலிடம். பொலிஸில் முறையிட்ட பின்னரே வைத்தியரிடம் செல்லவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. சட்ட வைத்தியப் பரிசோதனைக்கு முன் குளிக்காமலும் அன்றைய உடைகளைத் துவைக்காமலும் இருப்பது சான்றுகளைக் காக்கும். உடைகளைப் பொலித்தீனில் அல்லாது கடதாசிப் பையில் இடுங்கள். தொற்றுகளையும் கர்ப்பத்தையும் தடுக்கும் மருந்துகளை 72 மணித்தியாலங்களுக்குள், இயன்றவரை விரைவாகத் தொடங்குவது அவசியம். ஏற்கனவே குளித்துவிட்டார் என்பதற்காகவோ, நாட்கள் கடந்துவிட்டன என்பதற்காகவோ வைத்தியசாலைக்குச் செல்வதைக் கைவிடவேண்டியதில்லை.

பொலிஸுக்குச் செல்வதா என்பது பாதிக்கப்பட்டவரின் தெரிவு. அவரது தயக்கத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். 2006 ஜனவரி 2ஆம் திகதி இந்நகரின் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டதும், அவ்வழக்கின் சந்தேகநபர்கள் 13 பேர் 2019இல் போதிய சாட்சியமின்மையால் விடுவிக்கப்பட்டதும் இங்குள்ள குடும்பங்களின் நினைவில் இன்றும் உள்ளன. ஆகவே செல்லத் தீர்மானிப்பவருடன் நீங்களும் செல்லுங்கள். கிழக்கு மாகாணத்தில் தமிழும் நிருவாக மொழியாக இருப்பதால் வாக்குமூலத்தைத் தமிழில் பதியும்படி கோருங்கள். வாசித்து விளங்க முடியாத மொழியில் எழுதப்பட்டதில் கையொப்பமிட விடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தைப் பெற்றுக்கொண்டே திரும்புங்கள். மிரட்டல் தொடர்ந்தால், பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் அளிக்கும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கோரலாம்.

உயிராபத்து என்று தோன்றினால்

‘‘இனி இருந்து என்ன பயன்?’’ என்பது போன்ற சொற்களும், உடைமைகளைப் பிறருக்குக் கொடுத்துவிடுதலும், நீண்ட கலக்கத்தின் பின் திடீரென்று வரும் அமைதியும் உங்களை எச்சரிக்கவேண்டும். உயிரை விட்டுவிடும் எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். அவ்வாறு கேட்பது அந்த எண்ணத்தை விதைக்கும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை. மாறாக, ஒருவராவது கேட்டாரே என்ற ஆறுதலையே அது தருகிறது. ஆம் என்று சொன்னால் அவரைத் தனியே விடாதீர்கள். வைத்தியரிடம் அழைத்துச் செல்லும் வரை நம்பிக்கையான ஒருவர் உடனிருக்கட்டும். எதையேனும் உட்கொண்டுவிட்டார் என்று அறிந்தால், ‘‘இப்போது நன்றாகத்தான் இருக்கிறேன்’’ என்று அவர் சொன்னாலும் காத்திராமல் 1990ஐ அழைத்து வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். சில நஞ்சுகள் முதல் நாளில் தம்மைக் காட்டிக்கொள்வதில்லை. வழக்கு வந்துவிடும் என்று அஞ்சி மறைக்கவேண்டாம்: தற்கொலை முயற்சி 1998 முதல் இலங்கையில் குற்றமாகக் கருதப்படுவதில்லை.

பெற்றோருக்குச் சொல்வதா?

பல்கலைக்கழக மாணவர்கள் பெரும்பாலும் பதினெட்டு வயது நிறைந்தவர்கள். அவர்களது சம்மதமின்றி வீட்டுக்கு அறிவிப்பது அன்பினால் செய்யப்பட்டாலும் கேடாக முடியக்கூடும். துன்புறுத்தலுக்கு உள்ளான மகளை அன்றைய பஸ்ஸிலேயே ஊருக்கு அழைத்துச் சென்று, படிப்பை நிறுத்தி, அவசரத் திருமணம் பேசும் குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. அதே நேரம், தாயின் ஒரு தொலைபேசி அழைப்பால் தேறிவரும் பிள்ளைகளும் உள்ளனர். ஆகவே வீட்டில் யாரிடம் சொன்னால் உதவியாக இருக்கும் என்று மாணவரையே கேளுங்கள். அது அக்காவாகவோ மாமாவாகவோ பழைய பாடசாலை ஆசிரியராகவோ இருக்கலாம். உயிராபத்து உள்ளபோது மட்டும் சம்மதத்துக்காகக் காத்திருக்கவேண்டாம்.

கடலும் மழையும்

வடகீழ்ப் பருவக்காற்று வீசும் நவம்பர் முதல் ஜனவரி வரை நிலாவெளிக் கடல் கொந்தளிப்பானது. மலையகத்திலிருந்தும் உள்நாட்டு ஊர்களிலிருந்தும் வரும், நீச்சல் அறியாத மாணவர்களுக்கு இதனை முதல் வாரத்திலேயே சொல்லுங்கள். வெள்ள காலத்தில் வாடகை வீடுகளில் தங்கியிருப்போரின் பெயர்ப் பட்டியல் உங்களிடம் இருக்கட்டும்.

பின்தொடர்தல்

கையளித்ததுடன் கடமை முடிந்ததாகக் கொள்ளாதீர்கள். மூன்று நாட்களுக்குள் ஒருமுறையும், இரு வாரங்களின் பின் மறுமுறையும், பரீட்சைக் காலத்தில் இன்னொருமுறையும் அந்த மாணவரைச் சந்திக்க உங்கள் நாட்குறிப்பில் திகதி இடுங்கள். முறைப்பாடு எந்த நிலையில் உள்ளது என்பதை அவர் உங்களிடம் வந்து கேட்கும் வரை வைத்திராமல் நீங்களே அறிவியுங்கள்; முன்னேற்றம் இல்லையென்றால் அதையும் சொல்லுங்கள். விசாரணைக்காகத் தவறவிட்ட விரிவுரைகளுக்கும் பரீட்சைக்கும் மாற்று ஏற்பாடு உண்டா என்று பீடாதிபதியிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். உங்கள் நியமனக் காலம் முடியும்போது, நிறைவுறாத விடயங்களை அடுத்துப் பொறுப்பேற்பவரிடம் நேரில் விளக்கி, எவருடைய விடயத்தை ஒப்படைக்கிறீர்களோ அந்த மாணவரிடமும் முன்கூட்டியே சொல்லி, குறிப்பேட்டைக் கையொப்பத்துடன் ஒப்படையுங்கள்.